சொறி, திருக்கை, கடல் பாம்பு: எதற்கு வெந்நீர், எதற்குச் சிம்பு?

மெரினாவிலும் எலியட்ஸ் பீச்சிலும் உயிரைக் குடிப்பது நீரோட்டம்தான், சுறா அல்ல. ஆனால் கொட்டுகிற, குத்துகிற, கடிக்கிற உயிரினங்கள் நம் கரையில் நிறையவே உண்டு. சிக்கல் என்னவென்றால், ஒன்றுக்குச் செய்யும் முதலுதவி இன்னொன்றுக்கு உதவாது, சில நேரம் கெடுதலே செய்யும். எல்லாவற்றுக்கும் மணலை அள்ளித் தேய்ப்பதுதான் இங்கே வழக்கம். அது எதற்குமே மருந்தில்லை.

முதலில் சொறி, அதாவது ஜெல்லி மீன். அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பட்டவுடன் எல்லாம் வெடித்துவிடாது. பல வெடிக்காமல் தோலிலேயே ஒட்டியிருக்கும். மணலால் தேய்த்தாலும், பாட்டில் தண்ணீரை ஊற்றினாலும் மிச்சமிருப்பதும் வெடித்து விஷம் இறங்கும். அதனால்தான் கழுவிய பிறகு வலி கூடுகிறது. கடல் நீரையே ஊற்றிக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழையை இடுக்கியால் தூக்கி எடுங்கள், வழிக்காதீர்கள். பிறகு வெந்நீர். சிறுநீர் கழிப்பது, எலுமிச்சை பிழிவது எல்லாம் வீண். வினிகர் பெட்டி வடிவச் சொறிக்குப் பயன்படும். வேறு சில இனங்களில் அதுவே அணுக்களை வெடிக்க வைக்கலாம். என்ன கொட்டியது என்று தெரியாதபோது கடல் நீர்தான் பாதுகாப்பு.

நீல நிறத்தில் காற்றடைத்த பை போல மிதந்து வருவது ‘போர்த்துகீசிய போர்க்கப்பல்’. பார்க்கச் சொறி போலிருந்தாலும் தனி இனம். இழைகள் பல மீட்டர் நீளும். கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடந்தாலும் கொட்டும், குழந்தைகள் கையில் எடுப்பது அங்கேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல டிராகன் என்ற ஓடில்லாத சிறு கடல் நத்தை இதைத் தின்று, இதன் கொட்டும் அணுக்களைத் தன் உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். அழகாக இருக்கிறதே என்று உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்க வேண்டாம். நாணயம் அளவு நீல வட்டமாக ஒதுங்குவது வேறு. அதனால் பெரும்பாலும் லேசான அரிப்போடு சரி.

திருக்கை ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளைக் கணுக்காலில் இறக்கும். முள்ளின் இருபுறமும் பின்னோக்கிய பற்கள், மேலே விஷமுள்ள உறை. உறை கிழிந்து காயத்துக்குள் தங்கிவிடுவதே பின்னால் சீழ் வைக்கக் காரணம். தண்ணீரில் பாதத்தைத் தூக்காமல் மணலோடு தேய்த்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிப் போய்விடும். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் குத்தி நின்றால் பிடுங்கவே கூடாது, அப்படியே 108.

கெளுத்திக்கும் இதே பாடம். முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. வலை உதறிய இடத்தில் செத்துக் கிடக்கும் கெளுத்தியை வெறுங்காலோடு மிதிப்பவர்கள்தான் அதிகம். மீன் வாங்கும்போது அந்த மூன்று முள்ளையும் கடையிலேயே வெட்டச் சொல்லிவிடுங்கள்.

சொறி, திருக்கை, கெளுத்தி மூன்றுக்கும் வெந்நீர்தான், அதன் அளவு முக்கியம்: 42 முதல் 45 டிகிரி, 30 முதல் 90 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லையா? பக்கத்து டீக்கடையில் கொதிநீர் வாங்கி, ஒரு பங்குக்கு நான்கு பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்தால் ஏறத்தாழச் சரியாக வரும். சித்திரை வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் என்றால் கொதிநீரை இன்னும் குறைக்க வேண்டும். வலியில் மரத்த கால் சூட்டை உணராது. சர்க்கரை நோயாளியின் கால் எப்போதுமே நம்பத்தக்கதல்ல. அடிபடாத இன்னொருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். வெந்நீருக்குப் பிறகு டெட்டனஸ் ஊசி. முள் உடைந்திருக்கும் என்று சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே. சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு ஒரே நாளில் சிவந்து வீங்கிக் கொப்புளம் கட்டினால் காத்திருக்கக் கூடாது. கடல் நீரில் உள்ள விப்ரியோ கிருமி சதையை வேகமாக அழிக்கும்.

கடல் பாம்புக்கு இதெல்லாம் பொருந்தாது. துடுப்பு போலத் தட்டையான வால்தான் அடையாளம். வலையிலிருந்து மீன் பிரிப்பவர்களுக்கே ஆபத்து அதிகம். கடித்த இடம் வலிக்காது, வீங்காது, ஏமாற்றுவதே அதுதான். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் தசைவலி, தாடை இறுக்கம், இமை தொங்குதல், பிறகு கரும்பழுப்புச் சிறுநீர். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். இங்கே வெந்நீர் வேண்டாம். இறுகக் கட்டவோ கீறவோ கூடாது. எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் சிம்பு வைத்துக் கை காலை அசையாமல் வைத்து, நடக்க விடாமல் கொண்டுபோக வேண்டும்.

நம் ஊரில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கானது. அதற்கான விஷம் எடுப்பதில் கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு. கடல் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை. எனவே வெண்டிலேட்டரும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கடித்தது கடலில் என்பதையும், கடித்த நேரத்தையும், சிறுநீரின் நிறத்தையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.