பெயர் கிடைத்த கார்டு

ராத்திரி பதினொன்றரைக்கு, வியாசர்பாடி டியூஷன் சென்டரில், அந்த நெட்வொர்க் கார்டின் ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

மூன்று நாள் இதற்காகத்தான்.

பழைய கம்ப்யூட்டரில் ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருளைப் போட்டு, பிள்ளைகளின் எட்டு சிஸ்டங்களுக்கும் அதையே ஃபயர்வாலாக, இணையத்துக்கும் அவற்றுக்கும் நடுவில் காவலாக, நிறுத்த வேண்டும். போர்டிலேயே இருந்த கார்டு ஓடியது, புதிதாகச் செருகிய 2.5 ஜிகாபிட் கார்டு மட்டும் ஓடவில்லை. செருகியிருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் பிசிஐகான்ஃப் கட்டளை கொடுத்தால், டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கிடைத்த கார்டுக்கு ஒரு பெயர் வரும், இதற்கு 'நன்0' (none0), அதாவது 'டிரைவர் எதுவும் இல்லை', என்று வந்தது. ஆள் இருப்பது தெரிகிறது, யார் என்றுதான் தெரியவில்லை. அந்த ஒரு வரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓபிஎன்சென்ஸுக்கு அடியில் இருப்பது ஃபிரீபிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம், லினக்ஸ் டிரைவர் அதில் ஏறாது. அதற்கென்றே செய்த டிரைவர் மாட்யூல் வேண்டும், அதுவும் கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) பதிப்புக்குப் பொருந்த வேண்டும். நான் எடுத்து வைத்திருந்தது ஃபிரீபிஎஸ்டி 13க்கானது, இங்கே ஓடுவது 14. சரியானதை இறக்கி, சிஸ்டம் தொடங்கும்போது படிக்கும் லோடர் கோப்பில் இரண்டு வரி சேர்த்து ரீபூட் செய்தேன்.

'ஆர்இ0' (re0). பெயர் வந்துவிட்டது!

ஓபிஎன்சென்ஸ் வந்த வழியை நினைத்தால் மனசு நிறைகிறது. மோனோவால் என்ற பழைய ஃபயர்வால் மென்பொருளிலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொன்று பிரிந்தது, அதிலிருந்து 2015இல் ஓபிஎன்சென்ஸ். மோனோவாலை எழுதிய மனுவேல் காஸ்பர் அதே ஆண்டு அதை நிறுத்தியபோது, தன் பயனர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். தன் வேலையிலிருந்து கிளைத்த ஒன்றை அப்படிக் கைகாட்ட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

சரி, நாளைக்கு ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அதற்குள் எட்டு கேபிளையும் சுவிட்சில் செருகி வைக்க வேண்டும்.