லூன் பறவைக்காக இரண்டு விடியல்கள்: ஹாலிபேர்ட்டன் ஏரிக்கரைக் குறிப்புகள்

விக்டோரியா தின விடுமுறையோடு சேர்ந்து வரும் மே மாத நீண்ட வார இறுதியில், ஒன்ராறியோவின் ஹாலிபேர்ட்டன் பகுதியில் சிறிய ஏரியொன்றின் மேற்குக் கரையிலிருந்த கொட்டேஜ் ஒன்றை, மைத்துனர் குடும்பத்தோடு சேர்ந்து மூன்று இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். மற்றவர்கள் ஓய்வெடுக்க வந்தார்கள். நான் வந்தது லூன் பறவைக்காக. கடந்த ஆண்டு இதே பகுதியில் கனூ படகில் அதன் பின்னாலேயே துடுப்புப் போட்டுத் திரிந்து நானூறு படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்றுகூட அச்சிட்டுச் சுவரில் மாட்டும் தரத்தில் இல்லை. பெரும்பாலானவற்றில் பறவை முதுகைக் காட்டி விலகிப் போய்க்கொண்டிருந்தது. இம்முறை துரத்துவதில்லை, ஓரிடத்தில் இருந்து காத்திருப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் புறப்பட்டேன்.

லூன் என்றதும் தமிழில் முக்குளிப்பான் என்று எழுதத் தோன்றும். நம் ஊர்க் குளங்களில் மூழ்கி எழும் அந்தச் சிறு பறவை வேறு குடும்பம். லூன் மூன்று முதல் ஐந்து கிலோ வரை எடையுள்ள பெரிய பறவை. மற்றப் பல பறவைகளின் எலும்புகள் உள்ளீடற்றவை. லூனின் எலும்புகள் பெரும்பாலும் கெட்டியானவை என்பதால் அது எளிதாக மூழ்குகிறது. கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருப்பதால் நீருக்குள் மிக வேகமாக நீந்தும், ஆனால் தரையில் ஒழுங்காக நடக்க முடியாது. அதனாலேயே நீர்விளிம்பை ஒட்டிக் கூடு கட்டுகிறது. அதனாலேயே விசைப்படகின் அலைகூட அந்தக் கூட்டை நனைத்துவிடக்கூடும். 1987 முதல் கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் பறவையும், 1994 முதல் ஒன்ராறியோவின் அடையாளப் பறவையும் இதுதான்.

வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கரையோரச் சதுப்பில் ஸ்பிரிங் பீப்பர் என்னும் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஓர் அங்குல அளவுதான். ஆனால் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கத்தும்போது பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்றையாவது படமெடுக்கலாம் என்று தலைவிளக்கோடு முக்கால் மணிநேரம் தேடினேன். நான் நெருங்கும் இடமெல்லாம் மௌனமாகிவிட, பத்தடி தள்ளிச் சத்தம் தொடர்ந்தது. படம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கே டொக்குக்குப் போய்விட்டேன். ஏரிக்குள் நீண்டிருக்கும் மரத்துறையைத்தான் இங்கே டொக் என்கிறார்கள். வெப்பநிலை மூன்று பாகை. இரவில் குளிர்ந்த காற்றைவிட ஏரி நீர் சற்றே சூடாக இருந்தமையால், நீர்ப்பரப்பு முழுவதும் மூடுபனி எழுந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. என்னிடம் இருப்பது ஒளியைப் பதியும் சென்சார் சற்றுச் சிறியதான (1.6 மடங்கு) கமெராவும், 400 மி.மீ. நிலையில் எஃப் 8 என்னும் சிறிய துவார அளவு வரை மட்டுமே திறக்கும் 100–400 மி.மீ. லென்ஸும். விடியற்காலை வெளிச்சத்தில் இது கடினமான சேர்க்கை. முக்காலியை விரித்தால் லென்ஸ் உயர்ந்துவிடும், பறவையை மேலிருந்து குனிந்து பார்க்கும் கோணமே கிடைக்கும் என்பதால், மனைவி தைத்துத் தந்த துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியை நிரப்பி, அதை டொக்கின் விளிம்பில் வைத்து, அதன்மேல் லென்ஸைப் பதித்து, நான் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். இந்த அரிசிப்பை மிகச் சிறந்த ஏற்பாடாக அமைந்தது. லென்ஸ் அசையாமல் இருந்தது, நீர்மட்டத்துக்கு ஒரு முழ உயரத்தில் பார்வை கிடைத்தது, 1/250 நொடியிலும் படங்கள் கூர்மையாக வந்தன.

ஆறு மணிக்குச் சற்று முன்னர் இரண்டு லூன்கள் மூடுபனிக்குள்ளிருந்து வந்தன. டொக் கிழக்கு நோக்கியது. சூரியன் அவற்றுக்குப் பின்னால் எழுந்தது. பொன்னிறப் பனியில் கரிய வடிவங்களாக அவை மிதந்த படங்கள் அழகாகவே அமைந்தன. மூடுபனியைக் கமெரா தானாக அளந்தால் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் ஒளியை ஒரு ஸ்டொப், அதாவது இரு மடங்கு, கூட்டி வைத்திருந்தேன், அது சரியாக அமைந்தது. ஆனால் நான் தேடி வந்த சிவந்த கண்ணும், கழுத்தில் மாலை போலச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கோடுகளும் அந்த எதிரொளியில் தெரியவேயில்லை.

அன்று பகலில் ஏரியில் எடுத்தவை பெரும்பாலும் வீண். வெயில் ஏறியதும் குளிர்ந்த நீருக்கு மேலே சூடான காற்று படிந்து, தூரத்துப் பொருள்கள் நீரடியில் தெரிவதுபோல் நெளிந்தன. எந்த லென்ஸாலும் அதைச் சீர்படுத்த முடியாது. ஆகவே காட்டுக்குள் போனேன். மேப்பிள் மரங்கள் அப்போதுதான் இலை விடத் தொடங்கியிருந்தன. இலைகள் விரிந்து கூரையாக மூடுவதற்கு முன் நிலத்தில் வெயில் விழும் சில வாரங்களுக்குள் பூத்து முடிக்க வேண்டிய ட்ரில்லியம் செடிகள் சரிவு முழுவதும் பூத்திருந்தன. மூன்று இலை, மூன்று புல்லிதழ், மூன்று வெள்ளை இதழ். 1937 முதல் ஒன்ராறியோவின் மலர் இது. விதையிலிருந்து முளைத்து முதல் பூவைப் பூக்க ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பதை அறிந்தபின், செடிகளுக்கிடையே கால் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை; நடைபாதையிலேயே முழந்தாளிட்டு, லென்ஸ் அனுமதிக்கும் மிகக் குறைந்த தூரத்தில் இருந்து எடுத்தேன். வெயில் நேராக விழுந்தபோது இதழ்களின் நரம்புகள் வெளுத்து மறைந்தன. மேகம் வந்து மூடிய பத்து நிமிடங்களில் எடுத்தவற்றில்தான் ஒவ்வொரு நரம்பும் துலங்கியது. வாடத் தொடங்கிய பூக்கள் இளஞ்சிவப்பாக மாறுகின்றன. அவற்றை ஏன் இதுவரை படமெடுக்காமல் கடந்து போனேன் என்று வருந்தினேன், ஏனெனில் இந்த முறை மிகப் பிடித்த மலர்ப்படம் அப்படியொரு மூப்படைந்த பூவினுடையதுதான்.

கரும் ஈக்களைப் பற்றி ஒரு சொல். மே மாதத்தில் ஓடும் நீரிலிருந்து வெளிவரும் இந்தச் சிறிய ஈக்கள் காதுக்குப் பின்னாலும் மயிர் எல்லையிலும் கடிக்கின்றன. கடித்த இடம் இரண்டு நாட்களுக்கு வீங்கியிருக்கும். வெளிர்நிற ஆடையும் தலையை மூடும் வலையும் உதவுகின்றன. விடியற்குளிரிலும் காற்று வீசும் இடத்திலும் அவை வருவதில்லை என்பது படமெடுப்பவருக்கு நல்ல செய்தி.

பிற்பகலில் மகளோடு கனூவில், சாய்ந்து கிடந்த மரமொன்றின் அருகே போனோம். அதன்மேல் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்த வண்ண ஆமைகள் ஐந்தும் நாங்கள் நெருங்குமுன் ஒவ்வொன்றாக நீரில் விழுந்தன. கடந்த ஆண்டானால் அடுத்த மரத்தைத் தேடிப் போயிருப்பேன். இம்முறை துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். இருபது நிமிடங்களுக்குப் பின், "அப்பா, அசையாதேங்கோ" என்று மகள் மெதுவாகச் சொன்னாள். மரத்துக்கு அருகே விரல்நுனி அளவான தலையொன்று நீரைப் பிளந்து வந்தது. கழுத்தில் மஞ்சள் வரிகள். முதலில் பெரிய ஆமை ஏறியது, பிறகு மற்றவை. பனிக்காலம் முழுவதும் உறைந்த ஏரியின் அடியில், காற்றைச் சுவாசிக்காமல் மாதக்கணக்கில் கிடந்து பிழைக்கும் உயிர் அது. பின்னங்கால்களை நீட்டி வெயிலை வாங்கிய அந்த நிலையைப் படமெடுத்தபோது, அந்த வெயில் அதற்கு எவ்வளவு தேவை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஒரு தவறு நேர்ந்தது. எட்டரை மணிக்குத் தேநீர் குடிக்கவென்று கமெராவையும் கையில் எடுத்துக்கொண்டு, விறகடுப்பு எரிந்துகொண்டிருந்த அறைக்குள் போனேன். ஐந்து நிமிடங்களில் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கு ஒன்று டொக்கை ஒட்டி நீந்துவதாக மைத்துனர் அழைத்தார். ஓடிப் போய் லென்ஸைத் திருப்பினால் கண்ணாடி முழுவதும் நீராவி படிந்திருந்தது. குளிர்ந்த லென்ஸ் சூடான அறைக்குள் வந்ததால் ஏற்பட்டது. துடைக்கத் துடைக்க மீண்டும் படிந்தது. பீவர் வாலால் நீரில் ஓங்கி அறைந்துவிட்டு மூழ்கிப் போனது. அன்றிரவு முதல் கமெராவைப் பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டி, சூடில்லாத வராந்தாவிலேயே வைத்தேன்.

பக்கத்துக் கொட்டேஜில் பல ஆண்டுகளாக இருக்கும் பெரியவர் ஒருவரிடம் அன்றிரவு பேசினேன். ஏரியின் நடுவிலுள்ள சிறு தீவின் விளிம்பில் லூன் சோடி முட்டையிட்டிருக்கிறது, அந்தப் பக்கம் படகில் போகாதீர்கள் என்றார். கூட்டிலிருக்கும் லூன் தலையைத் தாழ்த்தி நீரோடு ஒட்டிக்கொண்டால், அது நம்மைக் கண்டு அஞ்சுகிறது என்று பொருள். நடுங்கும் சிரிப்புப் போன்ற குரல் எழுப்பினாலும் அப்படித்தான். கடந்த ஆண்டு நான் படகில் பின்தொடர்ந்தபோது அது பலமுறை அந்தக் குரலை எழுப்பியது. அதை அழகான பாட்டென்று நினைத்து ஒலிப்பதிவும் செய்து வைத்திருந்தேன். அது என்னை விலகிப் போகச் சொன்ன குரல் என்பதை அறிந்தபோது மிகவும் வேதனையாக இருந்தது. மீன்பிடிக்க வரும் லூன் காலையில் தம் நிலத்தின் பாறைமுனையைக் கடந்துதான் போகும் என்று கூறிய அவர், அங்கே இருந்து எடுக்க அனுமதியும் தந்தார். அந்தப் பாறை வடக்கு நோக்கியது. அங்கே சூரியன் வலப்பக்கத்திலிருந்து வரும்.

ஞாயிறு விடியலில் பாறையில் அரிசிப்பையோடு படுத்தேன். ஒரு மணிநேரத்துக்கும் மேலாக எதுவும் வரவில்லை. ஆறரை மணியளவில் ஒரு லூன் மட்டும் வந்து, ஐம்பது மீற்றர் தொலைவில் மூழ்கியது. மனத்துக்குள் எண்ணினேன், நாற்பதாவது எண்ணிக்கையில் முன்னதைவிட அருகில் எழுந்தது. அடுத்த முறை இன்னும் அருகில். நான் அசையவில்லை. ஐந்தாம் முறை அது எழுந்தது பதினைந்து மீற்றருக்குள். அலகின் நுனியிலிருந்து ஒரு துளி நீர் தொங்கியது. பக்கவெயில் கண்ணில் பட்டதும் அதுவரை கறுப்பாகத் தெரிந்த கண் மாதுளை முத்தின் சிவப்பானது. கரிய தலையில் மெல்லிய பச்சை மினுக்கம் இருப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். மார்பின் வெண்மை வெளுத்துப் போகாதபடி ஒளியை அதற்கே அளந்து கையால் நிலைநிறுத்தியிருந்தேன். கறுப்பில் தேவையான விவரத்தைப் பிறகு கணினியில் மீட்டுக்கொள்ளலாம், வெளுத்த வெள்ளையை மீட்க முடியாது.

பிறகு அது மீன்பிடிப்பதை நிறுத்தி இறகைக் கோதத் தொடங்கியது. கோதி முடித்த லூன் பெரும்பாலும் நீரில் எழுந்து நின்று சிறகடிக்கும் என்பது தெரிந்திருந்தமையால், உடனே ஷட்டர் வேகத்தை 1/1250 நொடிக்கு உயர்த்தினேன். அதற்கு ஈடாக ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறன் 5000 வரை போனது. லென்ஸை 300 மி.மீ.க்குக் குறைத்தேன், இல்லையேல் சிறகு சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் கழித்து அது எழுந்தது. சிறகுகளை முழுதாக விரித்து மூன்று முறை அடித்து, தலையை ஒருமுறை உதறி, மீண்டும் நீரில் அமர்ந்தது. பதினெட்டுப் படங்கள் பதிவாயின. இரண்டில் சிறகும் கண்ணும் ஒருசேரக் கூர்மையாக இருக்கின்றன. ஒன்றில் சிறகுநுனியிலிருந்து தெறித்த துளிகள் வளைவாக நிற்கின்றன.

மூன்று நாட்களில் எடுத்தவை 1,640, வைத்துக்கொண்டவை 27. ஐஎஸ்ஓ காரணமான துகள்கள் நீரின் நிழல்பகுதியில் தெரிகின்றன, மென்பொருளால் ஓரளவு குறைத்தேன். அதிகம் குறைத்தால் இறகின் நுண்மை அழிகிறது என்பதால் அப்படியே விட்டேன். சிறகடிக்கும் படத்தைப் பெரிய அளவில் அச்சிட்டு, ஒரு பிரதியைப் பெரியவருக்கு அனுப்பியிருக்கிறேன். லூன் முட்டைகள் பொரிய ஏறத்தாழ 28 நாட்கள் ஆகும். குஞ்சுகள் தாய் தந்தையரின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் நாட்கள் வந்ததும் தொலைபேசியில் சொல்வதாக அவர் வாக்களித்திருக்கிறார். அரிசிப்பையை அப்படியே காரின் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன்.