பையன் கல் வளர்க்கிறான்

யாராவது போன் செய்து "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், கொஞ்ச காலம் என் அப்பா சொல்லிக்கொண்டிருந்த பதில்: "கல் வளர்க்கிறான்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கடல் மீனும் பவளமும் வளர்க்க, 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே மணல், கல், சுமார் 150 லிட்டர் உப்புத் தண்ணீர். கல்லுக்கு மேலே நீல விளக்கு. கல்லுக்குக் குளிரக் கூடாது என்று ஹீட்டர். கல்லுக்கு அலை அடிக்க இரண்டு வேவ்மேக்கர். மீன் மட்டும் கிடையாது. அப்பா தினமும் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "மீன் எங்கேடா?" என்பார்.

"வரும்ப்பா."

"எப்போ?"

"தண்ணி பழுக்கணும்."

அதற்கு மேல் பேச மாட்டார். நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதல் சண்டை உப்பில் ஆரம்பித்தது. பெட்டி பெட்டியாகக் கடல் உப்பு வந்து இறங்கியதும் அம்மா, "ஏன், சமையலறையில இருக்கிற உப்புக்கு என்ன குறைச்சல்?" என்றார். நானும் புத்தகம் படித்த திமிரில் ஆரம்பித்தேன். சமையல் உப்பு கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடு. கடல் தண்ணீரில் மக்னீசியம், கால்சியம், பைகார்பனேட் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. கல் பவளங்கள் தங்கள் கூட்டைக் கட்டுவதே அதை வைத்துத்தான். குழாய்த் தண்ணீரும் ஆகாது, அதில் இருக்கும் பாஸ்பேட்டுக்கும் செம்புக்கும் பயந்து ஆர்.ஓ.டி.ஐ தண்ணீரில்தான், அதாவது கரைந்திருப்பதை எல்லாம் வடிகட்டி எடுத்த தண்ணீரில்தான், கலக்க வேண்டும். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பாத்ரூம் எப்போ காலியாகும்?" என்றார். அங்கேதான் நான்கு பெரிய வாளிகளில் பம்பு போட்டு ஒரு நாள் முழுக்கக் கலக்கிக்கொண்டிருந்தேன். கல் எங்கள் எல்லோருக்கும் முன்னால் குளித்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டித் தண்ணீர் தினமும் 2 லிட்டர் மாதிரி ஆவியாகும். குறைந்தது உப்புத் தண்ணீர்தானே என்று நானும் தினமும் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பினேன். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? எட்டாம் நாள் உப்பை அளக்கும் ரிஃபிராக்டோமீட்டரில் பார்த்தால், 1.025 இருந்த இடத்தில் 1.028. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போகாது என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான். ஆறாம் வகுப்பில் உப்பளப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். நல்லவேளை, தொட்டியில் அப்போது பாக்டீரியாவைத் தவிர குடித்தனம் யாரும் இல்லை. அதன்பிறகு குறைவது எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர்தான்.

தண்ணீர் பழுப்பது என்று அப்பாவிடம் சொன்னேனே, அது இதுதான். உள்ளே ஏதாவது அழுக வேண்டும். அதிலிருந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவதை ஓரளவு தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். அழுகுவதற்காக நான் போட்டது, ஃப்ரிட்ஜில் இருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்த ஓர் இறால்.

மூன்றாம் நாள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது. "செத்த இறாலுக்கு லைட்டு போட்டு வச்சிருக்கான்" என்றாள் மனைவி, போனில், தன் அக்காவிடம். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது அது.

ஆனால் அந்த நாட்களில்தான் அம்மா என் பக்கம் வந்தார். பரிசோதனைக் குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்தை விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தது. அம்மாவோ மேட்சிங் பார்ப்பதில் கரை கண்டவர். குழாயை என் கையிலிருந்து பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, "இது மஞ்சள் இல்லடா. கிளிப்பச்சையில தண்ணி ஊத்தினா வர்ற கலர். இன்னும் அஞ்சு நாள் ஆகும்" என்றார். சரியாக ஆறாம் நாள் மஞ்சள் வந்தது. அப்புறம் அம்மா பார்க்காமல் நான் எந்த அளவையும் குறித்துக்கொள்வதில்லை.

ஐந்தாம் வாரம் கல், மணல், கண்ணாடி எல்லாம் பழுப்புப் பாசி படர்ந்து, யாரோ டீ டிக்காஷனைக் கவிழ்த்த மாதிரி ஆனது. டயட்டம் என்று பெயர். புதுத் தொட்டி என்றால் அநேகமாக வரும், தானாகப் போய்விடும். அப்பாவுக்கு மட்டும் சந்தோஷம். "கல் துருப்பிடிச்சிருச்சு" என்றார்.

அதைத் தின்பதற்கென்று நத்தைகளும் துறவி நண்டுகளும் வந்தன. துறவி என்று பெயர் வைத்தவர் அவற்றைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. காலிச் சங்கு எதற்குள்ளாவது உடம்பை நுழைத்துக்கொண்டு வாழ்கிற ஜீவன், அடுத்தவன் சங்கு தன்னுடையதைவிடப் பெரிது என்று தெரிந்தால் அவனை இழுத்து வெளியே போட்டுவிட்டுக் குடியேறப் பார்க்கும். இந்த அளவுக்கு வீட்டு ஆசை பிடித்த துறவியை நான் பார்த்ததில்லை. நத்தைகள் பாவம், கண்ணாடியில் ஏறி மல்லாக்க விழுந்தால் சிலதுக்குத் திரும்பிப் புரளவே தெரியாது. காலை எழுந்ததும் கையை விட்டு அவற்றை நிமிர்த்துவது என் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.

ஏழாம் வாரம் இரண்டு க்ளவுன் மீன்கள். பையில் இருந்து அப்படியே கவிழ்த்துவிட முடியாது. வாளியில் விட்டு, மெல்லிய டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் இறக்கினேன். அப்பா நாற்காலியை வாளிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொட்டு எண்ணினார். மீன்களை உள்ளே விட்டதும் என் மகள் பெரியதுக்குத் "தாத்தா" என்றும் சின்னதுக்குக் "குட்டி" என்றும் பெயர் வைத்தாள். அப்பா அன்று முழுக்க "மீன் எங்கேடா" கேட்கவில்லை. போனில் பேசும்போது மட்டும், "எங்க வீட்ல ரெண்டு பேர் தாத்தா" என்று இரண்டு முறை சொன்னது காதில் விழுந்தது.

அப்புறம் மெத்தென்ற பவளங்களில் இரண்டு மூன்று வகை, சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு க்ளீனர் இறால். அந்த இறால் வந்த பத்தாம் நாள் காலை, மகள் அலறிய அலறலில் வீடே எழுந்துவிட்டது. மணலில் இறால் கவிழ்ந்து கிடந்தது. நீள மீசை, கால்கள், கண்ணின் மேல்மூடி எல்லாம் அப்படியே. அசைவில்லை. துறவி ஒருவர் ஏற்கெனவே காலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் உப்பு பார்த்தேன், வெப்பம் பார்த்தேன், அம்மா மஞ்சள் பார்த்தார். எல்லாம் சரி. மனைவி மெதுவாக, "ஃப்ரிட்ஜ் இறாலோட சாபம்" என்றாள். அப்பா வந்து என் தோளில் கை வைத்தார். கடைசியாக அவர் அப்படிக் கை வைத்தது பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கு.

எடுத்துப் போடலாம் என்று வலையில் தூக்கினால், எடையே இல்லை. உள்ளங்கையில் வைத்து விளக்கில் பிடித்தேன். கண்ணாடித்தாள் மாதிரி அந்தப் பக்கம் விரல் தெரிகிறது. தலை ஓடும் வால் பகுதியும் சேரும் இடத்தில், முதுகில் சுத்தமாக ஒரு பிளவு. உள்ளே ஆள் இல்லை. கூட்டாளி சட்டையை உரித்துப் போட்டுவிட்டு, புது ஓடு இறுகும் வரை பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். மறுநாள் சாயங்காலம், முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக, எதுவும் நடக்காத மாதிரி வந்து நின்றார். மகள் அந்தச் சட்டையைக் காயவைத்து நோட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள். மீசை மட்டும் உதிர்ந்துவிட்டது.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். க்ளவுன் மீன் என்றால் கடல் சாமந்தியில்தான் (பூ மாதிரி இருக்கும் ஸீ அனிமோன் என்கிற உயிரி) குடியிருக்கும் என்று பெயர். ஆனால் சாமந்தியை வைக்கத் தொட்டிக்கு இன்னும் வயதாக வேண்டும். அதுவரை நான் வாங்கிப் போட்ட பவளங்களில் ஒன்றையாவது இவர்கள் ஏறெடுத்துப் பார்க்க வேண்டுமே? கண்ணாடி துடைக்கும் காந்தத்தைத்தான் வீடாக்கிக்கொண்டார்கள். உள்பக்கத்துக் கறுப்புக் கட்டையில் உரசிக்கொண்டே தூங்குகிறார்கள். நான் வெளிப்பக்கத்துக் கட்டையைப் பிடித்துத் துடைக்க ஆரம்பித்தால் வீடு நகர்கிறது, இருவரும் கூடவே ஓடுகிறார்கள். போன வாரம் காந்தம் நழுவி மணலில் விழுந்தது. எடுக்கக் கையை விட்டேன். தாத்தா நேராக வந்து மணிக்கட்டில் ஒரு கடி. வலி என்று சொல்ல முடியாது, ஆனால் அதிர்ச்சியில் முழங்கை வரை தண்ணீரைக் கொட்டிக்கொண்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தை உடைத்தேன். க்ளவுன் மீன் எல்லாமே ஆணாகத்தான் வளர ஆரம்பிக்கும். ஜோடியில் பெரியது, அதிகாரம் பண்ணுவது, அதுதான் பெண்ணாக மாறும். சின்னது அதன் எதிரில் உடம்பைச் சிலிர்த்துப் பணிந்து போகும். குட்டி நாலு நாளாகச் சிலிர்த்துக்கொண்டிருக்கிறது. ஆக, தாத்தா இப்போது பாட்டி.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். "பேரை மாத்தச் சொல்லு" என்றார், என்னிடம்.

அம்மா நிமிரவே இல்லை. "எதுக்கு மாத்தணும்? சொல்லாம கொள்ளாம கடிக்குதுல்ல, பேரு சரிதான்."