ரேஞ்சர்: மழைக்காலக் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

தம்பி கிளம்பி ஐந்து நாள். இரவு ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினேன், போனைச் சார்ஜில் வைத்தேன், அப்புறம் நோட்டை எடுத்தேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் நம் ஆட்டத்துக்கு ரேஞ்சர் வகுப்பை, அதாவது காட்டில் வழி காட்டும் பாத்திரத்துக்கான விதிகளை, இந்த மாதம் எழுதி முடித்துவிட வேண்டும். போர்வீரன், வைத்தியர், திருடன், மந்திரவாதி எல்லாம் முடிந்தாகிவிட்டது. இது மட்டும் ஒரு வருடமாக நிற்கிறது. அவன் கேட்டது இதைத்தான்.

ஜூன் 4, புதன்

சேதி இல்லை.

ஜூன் 7, சனி

அந்த ஒரு விதியை இன்றைக்கு அடித்துவிட்டேன். சிவப்பு மையில், இரண்டு கோடு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தின் 2014 விதிகளில் ரேஞ்சருக்கு முதல் நிலையிலேயே கிடைக்கும் திறமை அது. தனக்குப் பழகிய நிலத்தில் ரேஞ்சர் கூட்டிப்போகும் குழு வழி தவறாது, மந்திரம் குறுக்கிட்டால் ஒழிய. புதரோ சேறோ நடையைத் தாமதமாக்காது. உணவு தேடினால் இரண்டு மடங்கு கிடைக்கும். படித்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்படியே எடுத்து நம் விதிகளில் எழுதிக்கொண்டேன்.

போன வருடம் மேஜையில் நடந்தது இப்போதும் நினைவிருக்கிறது. மூன்று நாள் காட்டுப் பயணம் ஒன்றை இரண்டு வாரம் உட்கார்ந்து தயார் செய்திருந்தேன். மழையில் ஏறிவரும் ஓடை, மூங்கில் காடு, அட்டை, ஆள் இல்லாத ஒரு குடிசை. தம்பி தாளைப் பார்த்துவிட்டு, "எனக்குக் காடு பழக்கம்க்கா, வழி தவறாது" என்றான். விதி அவன் பக்கம். "சரி, மூன்றாம் நாள் சாயங்காலம் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டீர்கள்" என்று சொல்லவேண்டியதாயிற்று. காடு ஒரே வாக்கியத்தில் முடிந்தது. அதற்குமேல் கோட்டைக்குள் திருடனுக்கு வேலை இருந்தது, மந்திரவாதிக்கு இருந்தது. காட்டுக்காகவே ஆளை உருவாக்கிக்கொண்டு வந்தவன் பென்சிலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கதை பாலைவனத்துக்குப் போனாலோ அதே திறமை தூங்கும். எட்டு நிலங்களில் ஒன்றைத்தான் முதலில் எடுக்கலாம். ஒன்று, காடே இல்லாமல் போகும். இல்லையென்றால், ரேஞ்சரே இல்லாமல் போவார். 2020இல் அவர்களே மாற்று விதி கொடுத்தார்கள். அது பரவாயில்லை. ஆனால் எனக்கு வேண்டியது வேறு. காட்டில் அவனுக்குக் கை நிறைய வேலை இருக்கவேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

மழை. மாமா மகள் மட்டும் வந்தாள். ஆட்டம் இல்லை. தேநீர் குடித்துவிட்டு அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஈரக்குடையை மாட்டினாள். நானே எடுத்து வெளியில் வைத்தேன்.

ஜூன் 11, புதன்

பெயர். ரேஞ்சர் என்றால் அம்மாவுக்குக் காக்கிச் சட்டை, ஜீப். வனக்காவலர் என்று எழுதினால் ஆள் சம்பளம் வாங்குபவர் ஆகிவிடுகிறார். வேட்டுவன் என்றால் கொல்வதோடு நின்றுவிடுகிறது. காடோடி நன்றாக இருக்கிறது, சொல்லிப் பார்த்தால் நாக்கில் நிற்கிறது. எதிர்வீட்டுப் பர்மியப் பையனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவன் திருப்பிச் சொன்னது அழகாகவே இருந்தது.

ஆனால் தம்பி ரேஞ்சர் என்றுதான் சொல்வான். ரேஞ்சர் என்றே இருக்கட்டும்.

ஜூன் 12, வியாழன்

"ஏதாவது வந்துச்சா?"

"இல்லம்மா."

ஜூன் 15, ஞாயிறு

பழைய விதிகளைத் தோண்டிக்கொண்டிருந்தேன். ரேஞ்சர் வகுப்பு முதலில் வந்தது 1975இல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பூதாகாரமான ராட்சதர்களை அடித்தால் கூடுதல் சேதம், தடம் பார்ப்பது, இப்படித் தொடங்குகிறது. 1978 புத்தகத்தில், மூன்று ரேஞ்சருக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்து இயங்கக்கூடாது என்று ஒரு வரி. 1989இல் இரண்டு கையிலும் ஆயுதம். 2008இல் மந்திரத்தை எடுத்துவிட்டார்கள், 2014இல் மறுபடி கொடுத்தார்கள். ஐம்பது வருடமாக இந்த ஆள் யார் என்று யாருக்கும் முடிவாகத் தெரியவில்லை. அதில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு.

ஆனால் எல்லாவற்றிலும் என்னை உட்காரவைத்தது, இப்போது யாரும் பேசாத ஒரு விதி. ரேஞ்சர் தன் உடம்பிலும் குதிரையிலும் சுமக்க முடிந்ததை மட்டுமே சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

அவன் பையை நான்தான் அடுக்கினேன். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய சான்றிதழ்கள், காய்ச்சல் மாத்திரை, அம்மா கொடுத்த விபூதிப் பொட்டலம், பவர் பேங்க். அவன் டைஸ் பையை உள்ளே வைத்தான். வெளியே எடுத்தான். ஒரே ஒரு ஆறு பக்க டைஸை மட்டும் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மற்றதை என் கையில் கொடுத்தான்.

விதி எழுதிவிட்டேன். ரேஞ்சரின் பையில் ஆறு இடம். ஏழாவது பொருள் வந்தால் ஒன்றை விட்டுவிட்டு நடக்கவேண்டும், யாரிடம் கொடுத்தார் என்று ஆடுபவர் சொல்லவேண்டும்.

ஜூன் 16, திங்கள்

மௌல்மீன் ஊரைத் தாண்டியதும் பேசுகிறேன் என்றுதானே சொன்னான்?

ஜூன் 20, வெள்ளி

அம்மா காளி கோவிலுக்குப் போய்வந்தாள். எலுமிச்சம்பழம் ஒன்றை அவன் படுக்கைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள்.

இன்றைக்கு யானை. தாத்தா மௌல்மீனில் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். சொன்னதையே சொல்வார், நானும் தம்பியும் கேட்டதையே கேட்போம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையோடு ஆழமாக வெட்டி, மரத்தை நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். அப்புறம் சாய்த்து, யானை இழுத்து ஓடைப் படுகையில் போடும். மழையில் தண்ணீர் ஏறும்போது கட்டை தானாகக் கிளம்பும்.

வேலை முடிந்ததும் யானையைக் கொட்டிலில் கட்டுவதில்லை. முன்காலில் சங்கிலி, கழுத்தில் மரமணி, காட்டுக்குள் அவிழ்த்துவிடுவார்கள். இரவெல்லாம் அது மேயும். விடிகாலையில் அதன் ஆள், பர்மியில் ஊஸி, தடம் பார்த்துக்கொண்டே போய்த் தேடிக் கூட்டிவர வேண்டும். ஒவ்வொரு மணியும் கையால் குடைந்தது, ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்கு வராது. தூரத்தில் லொடக் லொடக் என்று கேட்டால் தன்னுடையதா, அடுத்தவனுடையதா என்று அவனுக்குத் தெரியும். சில கள்ள யானைகள் மணிக்குள் சேற்றை அடைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் வாழைத்தோட்டத்தில் இறங்குமாம். அந்த இடம் வந்தால் தம்பி சிரித்துச் சிரித்துப் பாயில் உருளுவான். ஐந்து வயது.

ரேஞ்சரோடு வரும் மிருகம் இதுதான்! 2014 விதிகளில் ஓநாய் கடிக்கவேண்டுமென்றால் ரேஞ்சர் தன் முறையைச் செலவழித்துக் கட்டளையிட வேண்டும். அவர் வில்லை எடுத்தால் ஓநாய் சும்மா நிற்கும், ஓநாய் பாய்ந்தால் இவர் சும்மா நிற்பார். என் ரேஞ்சரின் மிருகம் இரவில் காட்டுக்குப் போய்விடும். காலையில் தேடிப்போகவேண்டும்.

இரண்டு ஆறு பக்க டைஸ். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மணி கேட்கிறது, மிருகம் இரவில் கண்ட ஒன்றுக்கு ரேஞ்சரைக் கூட்டிப்போகும். ஏழிலிருந்து ஒன்பது என்றால் கிடைக்கும், ஆனால் அரை நாள் போகும், அல்லது பையிலிருந்து ஒரு பொருள் போகும். ஆறும் அதற்குக் கீழும் மணியில் சேறு. இந்தக் கணக்கு 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தினுடையது, மணி மட்டும் தாத்தாவுடையது.

ஜூன் 22, ஞாயிறு

நாலு பேர் வந்தார்கள். ஆடிப் பார்த்தோம். பர்மியப் பையன் ரேஞ்சர். முதல் காலை ஐந்து விழுந்தது, இரண்டாம் காலை நாலு. அவன் மிருகமாக எடுத்த எருமையைத் தேடியே ஆட்டம் போனது. அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மற்ற மூன்று பேரும் வெளிப்படையாகவே கொட்டாவி விட்டார்கள்.

கணக்குப் போட்டேன். 36 விழுகைகளில் பத்தோ அதற்கு மேலோ வருவது 6தான். சேறு 15. இது கொடுமை.

ஜூன் 23, திங்கள்

எல்லாம் குப்பை. யாருக்காக எழுதுகிறேன்?

ஜூன் 25, புதன்

தெரியாத எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால். திருப்பி அடித்தேன், போகவில்லை. பதினோரு தடவை. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஒரு வழி கிடைத்தது. இரவில் ரேஞ்சர் தூங்காமல் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தால் காலையில் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். அந்த ஒன்று போதும், சேறு 15இலிருந்து 10ஆக இறங்குகிறது, நல்லது 6இலிருந்து 10ஆக ஏறுகிறது. ஆனால் கேட்டவருக்கு அன்றைய ஓய்வு கிடையாது, உயிர்ப்புள்ளி ஏறாது. அப்புறம், இதுதான் முக்கியம், குழுவில் யார் வேண்டுமானாலும் கூட உட்கார்ந்து கேட்கலாம். ஆளுக்குப் பாதி இரவு. திருடனும் வைத்தியரும் மரத்தடியில் விழித்திருப்பார்கள். அப்போது அது எல்லோருடைய மிருகம், எல்லோருடைய காடு. கொட்டாவிக்கு இடமில்லை.

எழுதி முடித்தபோது மூன்று மணி. பழைய பக்கத்தைத் திருப்பினேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே அந்த வரி இன்னும் படிக்க வருகிறது. நீல மையில் மறுபடி எழுதினேன், ரேஞ்சர் வழி தவறமாட்டார் என்று. விதியாக அது தப்புதான், தெரியும். மேஜைக்குக் கொண்டுபோகப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

இந்தத் தடவை மாமா மகளும் பர்மியப் பையனும் விழித்திருந்தார்கள். பதினொன்று விழுந்தது. மேஜையே கத்தியது. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "வந்துட்டானா?" என்றாள்.

ஜூலை 2, புதன்

மழை விடவில்லை. கரண்ட் இன்னும் வரவில்லை, மெழுகுவர்த்தியில் எழுதுகிறேன். வகுப்பு முடிந்த மாதிரிதான், ஓர் இடம் காலியாக இருக்கிறது. மணி எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்று எழுதவில்லை. மழை பெய்தால் அதில் பாதி என்று வைக்கலாம். தாத்தா இரண்டு மைல் என்பார், தம்பி ஒத்துக்கொள்ளமாட்டான்