ஊட்டி அசெம்பிளி ரூம்ஸில் ஒரு மாலைக் காட்சி

ஊட்டிக்குப் போகிறவர்கள் பூங்காவைப் பார்ப்பார்கள், ஏரியில் படகு ஏறுவார்கள், வர்க்கி வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவார்கள். சேரிங் கிராஸிலிருந்து தாவரவியல் பூங்காவுக்குப் போகும் வழியிலேயே அசெம்பிளி ரூம்ஸ் இருக்கிறது. உள்ளே நுழைகிற பயணிகள் குறைவு. வெள்ளைக்காரர்கள் கூடிக் களித்த கட்டடம் பிற்பாடு சினிமா தியேட்டரானது. இன்றும் ஒரே திரைதான்.

புதுப்பித்துவிட்டார்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம். புதுப்பிக்கிறேன் என்று பழசை இடித்துத் தள்ளியதை எத்தனையோ ஊரில் பார்த்தாயிற்று. இங்கே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் மனசு ஆறியது. வசதிகள் புதிது, கூடத்தின் பழைய களை அப்படியே இருக்கிறது.

படம் தொடங்க நேரம் இருந்ததால் ஆபரேட்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். மலையிலும் கீழேயும் பல தியேட்டர்களில் ரீல் ஓட்டியவர்.

"கார்பன் காலத்துல வேலை எப்படிண்ணே?"

"கண்ணை அந்தாண்ட இந்தாண்ட திருப்ப முடியாதுங்க தம்பி."

இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் வெளிச்சம்தான் அன்று படத்தைத் திரையில் போட்டது. எரிய எரிய குச்சி தேயும், இடைவெளி கூடும். நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். ஆயிரம் அடி ரீல் 11 நிமிடம்தான் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 14 ரீல் வரும். ரீல் முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். இரண்டாவது பொட்டு வந்த நொடியில் அடுத்த புரொஜக்டருக்கு மாற்றிவிட வேண்டும். எத்தனை படம் பார்த்திருப்போம், அந்தப் பொட்டை நம்மில் யார் கவனித்தோம்!

மழைக்காலத்தில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் படப்பெட்டி மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடுமாம். இப்போது பெட்டியும் இல்லை, ரீலும் இல்லை. படம் டிஜிட்டலாக வருகிறது. விநியோகஸ்தர் அனுப்பும் சாவி எண் இருந்தால்தான் திறக்கும், அதற்கும் கெடு தேதி உண்டு.

சரி, படத்துக்கு வருவோம். எனக்கு முன்வரிசையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தாத்தாவும் பேத்தியும். பக்கத்தில் கல்லூரிப் பையன்கள். சுற்றுலாக்காரர்களைவிட ஊர்க்காரர்களே அதிகம். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் போன தியேட்டர்கள் எத்தனை! இந்தக் கட்டடம் காட்சிப்பொருளாக நிற்காமல் தினமும் படம் ஓட்டிப் பிழைக்கிறது.

போகிறவர்கள் ஏப்ரல், மே கூட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், இடைவேளைக்கு அப்புறம் கால் விறைத்துவிடும்.