உளுந்து விலையும் முதலாளியின் ராசியும்

ரங்கூனில் உளுந்து ஏற்றுமதி செய்யும் ஒரு கிடங்கில் எனக்குச் சரக்கு பார்க்கிற வேலை. பெகுவிலிருந்தும் ஐராவதி டெல்டாவிலிருந்தும் வரும் மூட்டைகளைக் குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, ஓரிரு மணியைக் கடித்துப் பார்ப்பேன். நறுக்கென்று உடைந்தால் காய்ச்சல் சரி. பல்லில் அமுங்கினால் ஈரம். இது கைவர உழைப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் விலை முடிவாவது டெல்லியில்.

2014, 2015-இல் இந்தியாவில் மழை பொய்த்துப் பருப்பு விலை ஏறியபோது, இங்கே உளுந்து வைத்திருந்தவர்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள். அப்புறம் அங்கே நல்ல விளைச்சல். 2017 ஆகஸ்டில் உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன்தான் இறக்குமதி என்று இந்திய அரசு கட்டுப்பாடு போட்டது. பாசிப்பயறையாவது சீனா வாங்கும். பர்மா உளுந்துக்கு இந்தியாவை விட்டால் ஆள் ஏது? விலை முந்தைய ஆண்டு உச்சத்தில் பாதிகூட நிற்கவில்லை.

எங்கள் முதலாளி தப்பித்தார். மகள் கல்யாணச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்ததால் ஜூலையிலேயே இருப்பை விற்றிருந்தார். பக்கத்துக் கிடங்குக்காரர் அவரைவிடப் பாடுபடுகிறவர். அறுவடைக் காலத்தில் கிராமம் கிராமமாக அலைந்து களத்திலேயே சரக்கு பார்ப்பார். தீபாவளி நெருங்கினால் இந்தியாவில் உளுந்து தேவை கூடும் என்று கணக்குப் போட்டு, மூட்டைகளை அடுக்கி வைத்தார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இன்று அவர் கிடங்கில் வேறொருவர் மோட்டார் உதிரிபாகம் விற்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், முதலாளி இப்போது அந்தக் கல்யாணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. "எனக்கு அப்பவே மூக்குல வேர்த்துடுச்சு தம்பி" என்கிறார். பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். 2021-இல் இந்தியா ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து பர்மாவிலிருந்து வாங்க ஒப்பந்தம் போட்டது. அதுவும் முன்பே தெரியுமாம்!

நல்ல மனிதர்தான், சம்பளத்தில் கை வைத்ததில்லை. ஆனால் பக்கத்துக் கிடங்குக்காரர் பேச்சை எடுத்தால் "பேராசை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அங்கேதான் எனக்கு அவரோடு ஒத்துப்போவதில்லை. அந்த ஜூலையில் மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் கேட்டிருந்தால், இவர் கிடங்கும் நிறைந்துதான் இருந்திருக்கும்.