1024-க்கு 768

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் கணினியைப் போட்டேன். கறுப்பு. இடது மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னி மின்னி மறைகிறது.

மார்ச் 5, புதன்

இரவு அங்கே நாற்காலியில் கழிந்தது. காலையில் அக்கா வந்து என்னை விடுவித்தாள். வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட இல்லை. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்தேன். திரையில் கை வைக்காதே என்று லினக்ஸின் உட்கருவான கர்னலுக்குச் சொல்லும் சொல் அது. திரை வந்துவிட்டது, 1024-க்கு 768 புள்ளிகளில். அகலத் திரையில் அதை இழுத்து நிரப்புவதால் வட்டமெல்லாம் முட்டை. பின்னணிப் படத்தில் எங்கள் நால்வரின் முகமும் அகன்றிருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையோடு மல்லுக்கட்டினேன். சிவிடி நிரல் கணக்குப் போட்டுக் கொடுத்த மோட்லைனை, திரை அளவைச் சொல்லும் எண் வரிசையை (173.00, 1920, 2048, 2248, 2576...) எழுத்துப் பிழையில்லாமல் அடித்தால், 'டீஃபால்ட்' வெளியீட்டின் காமா அளவு கிடைக்கவில்லை என்கிறது. வெளியீட்டின் பெயரே 'டீஃபால்ட்'! அப்போதே புரிந்திருக்க வேண்டும். திரையை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லாத இடத்தில் யாரிடம் போய் அளவைச் சொல்வது? ஒரு மணி நேரம் வீண்.

அறிக்கை நாளை.

மார்ச் 7, வெள்ளி

திங்கட்கிழமைதானாம்.

மார்ச் 8, சனி

காரணம் கிடைத்துவிட்டது. கர்னல் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. மூலநிரல் வெளியிடாத மூடிய டிரைவரின் மாட்யூலை, கர்னலோடு சேரும் துண்டை, ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகக் கட்ட வேண்டும்; அதை டிகேஎம்எஸ் என்ற கருவி பார்த்துக்கொள்ளும், கட்டுவதற்கு வேண்டிய அந்தக் கர்னலின் ஹெடர் கோப்புகள் இருந்தால். இல்லை. டிகேஎம்எஸ் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறது. திறந்த டிரைவரான நூவோவையோ மூடிய டிரைவர் நிறுவப்பட்ட அன்றே தடைப்பட்டியலில் போட்டாயிற்று. இவனும் இல்லை, அவனும் இல்லை. கறுப்பு.

ஹெடரை நிறுவிக் கட்டினேன். மாட்யூலை ஏற்றினால் சாவி நிராகரிக்கப்பட்டது என்றது. செக்யூர் பூட், கையொப்பமில்லாத மாட்யூலை உள்ளே விடாத காவல். கையொப்பச் சாவியைப் பதிவு செய்ய ஒரு கடவுச்சொல் வைத்து, மறுதொடக்கம் செய்து, அந்த நீலத் திரையில் அதே கடவுச்சொல்லை மீண்டும் அடித்தேன். ஒரு முறைதான் கேட்கும், தவறவிட்டால் முதலிலிருந்து. கை நடுங்கியது, கணினிக்காக அல்ல என்று தெரியும்.

உள்நுழைவுத் திரை 1920-க்கு 1080-இல் கத்தி போல வந்து நின்றது. அப்பாவின் கடவுச்சொல்லை அடித்தேன். ஒரு சிமிட்டல். மறுபடியும் 1024.

மார்ச் 9, ஞாயிறு

ஏன் 1024? திரையை வரையும் எக்ஸார்க்கின் பதிவுக் கோப்பில் 'ஈஈ' என்ற பிழை வரி ஒன்றுகூட இல்லை. கேபிளை மாற்றினேன். மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் ஈடிஐடியைப் பிரித்துப் பார்த்தேன்: முதலில் 00, பிறகு ஆறு எஃப்எஃப், மறுபடி 00. ஒழுங்காகத்தான் சொல்கிறது, நான் 1920 என்று. திரை அமைப்பைச் சேமித்திருந்த எக்ஸ்எம்எல் கோப்பை அழித்தேன். 1024. அக்கா மூன்று முறை அழைத்திருக்கிறாள், கேட்கவில்லை.

இரவு பதினொன்றுக்குப் புதுப் பயனர் கணக்கு ஒன்று திறந்தேன். அதில் 1920 அசையாமல் நிற்கிறது.

அப்படியானால் கோளாறு டிரைவரில் இல்லை, அப்பாவின் கோப்புறையில்.

மார்ச் 10, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. அக்காதான் வாங்கினாள். நேரில் சொல்கிறேன் என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளில் ஒன்று, எக்ஸ்புரொஃபைல். உள்நுழையும்போதெல்லாம் ஓடுவது. உள்ளே இரண்டே வரிகள். இரண்டாவது, ஹெச்டிஎம்ஐ-0-வை 1024-க்கு 768-ஆக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளை. அதற்கு மேலே, கணினி படிக்காமல் தாண்டிப்போகும்படி ஹாஷ் குறி (#) போட்டு, தமிழில்:

கண்ணுக்கு

கோப்பின் தேதி இரண்டு வருடம் பழையது. நான் கற்றுக்கொடுத்ததில்லை. எங்கே படித்தார்?

போன தீபாவளிக்கு வந்தபோது, "என்ன அப்பா, எல்லோரும் வீங்கிப்போய்த் தெரிகிறோம்" என்று நான் சிரித்தது நினைவிருக்கிறது. அவரும் சிரித்தார். சொல்லவில்லை.

அவருடைய வரியை அழிக்கவில்லை. முன்னால் ஒரு ஹாஷ் மட்டும் போட்டேன். 1920-இலேயே வைத்து, எழுத்துப் பெருக்கத்தை 1.5 ஆக்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். போதாது. கணக்குப் போட்டால் அவர் கண்டிருந்த எழுத்து குறுக்கே 1.875 மடங்கு, நெடுக்கே 1.4 மடங்கு. 1.9 வைத்தேன். எழுத்து பெரிது, வட்டமும் வட்டமாகவே இருக்கிறது. அவர் வைத்திருந்ததைவிட எல்லா விதத்திலும் மேல்.

மார்ச் 12, புதன்

அக்கா சொன்னாள்.

மார்ச் 13, வியாழன்

"கணினி என்ன ஆயிற்று?"

"சரியாகிவிட்டது அப்பா."

"எழுத்து?"

"முன்பைவிடப் பெரிதாக வைத்திருக்கிறேன்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"பொத்தானெல்லாம் இடம் மாறியிருக்குமே."

மார்ச் 14, வெள்ளி

ஹாஷை எடுத்துவிட்டேன். பெருக்கம் மீண்டும் 1. முட்டைகள்.

மார்ச் 15, சனி

நாளை காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கர்னல் வந்திருக்கிறது. ஹெடரும் கூடவே இறங்கியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன், இருக்கிறது. மாட்யூலும் கட்டியாகிவிட்டது. மறுதொடக்கம் மட்டும் செய்யவில்லை.